பெயின் கிளினிக்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், டாக்டரை மாற்றலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம், எனக்கு 46 வயது. கார் விபத்துக்குப் பிறகு கீழ் முதுகில் இரண்டு ஆபரேஷன் நடந்தது. மூன்று வருடமாக ஒரு பெயின் கிளினிக்கில் ஆக்ஸிகோடோன் 10 மில்லிகிராம் தருகிறார்கள், ஒரு நாளைக்கு நாலு மாத்திரை. கூடவே நரம்பு வலிக்கும் மன அழுத்தத்துக்கும் தரும் துலாக்செட்டினும் சாப்பிடுகிறேன். ஆரம்பத்திலேயே ஒரு அக்ரிமெண்ட்டில் கையெழுத்து வாங்கினார்கள். வேறு டாக்டரிடம் வலி மாத்திரை வாங்கக்கூடாது, ஒரே ஃபார்மசி, கூப்பிட்டால் யூரின் டெஸ்டுக்கு வரவேண்டும், மாத்திரையை எண்ணிக் காட்டவேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. என்னைப் பார்த்துவந்த டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது வந்திருப்பவர் என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, "அடுத்த மாதம் பாதியாகக் குறைக்கப் போகிறேன்" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். வேறு டாக்டரிடம் போனால் அக்ரிமெண்ட்டை மீறியதாகுமா? புது டாக்டர் என்னை மாத்திரைக்காக அலைகிறவள் என்று நினைத்துவிடுவாரா? இன்னொன்றும் சொல்லவேண்டும். போன மாதம் திருச்சியிலிருந்து வந்த நாத்தனாரிடம் ட்ரமடால் என்ற வலி மாத்திரை இருந்தது, வலி தாங்காமல் ஒரு ராத்திரி இரண்டு மாத்திரை போட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் மாமியார் ஏற்கெனவே "அபின் சாப்பிடுகிறாள்" என்கிறார். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டாக்டரை மாற்றலாம். அந்தக் காகிதம் உங்களை அந்தக் கிளினிக்கோடு கட்டிப்போடவில்லை, எந்த நோயாளியும் எந்த டாக்டரையும் எப்போது வேண்டுமானாலும் விட்டுப் போகலாம், அதற்கு அனுமதி கேட்கவேண்டியதில்லை. அது கேட்பது ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் இந்த மாத்திரையை எழுதவேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மாற்றும் விதம் முக்கியம். பழையவர் எழுதிய கடைசி மாத்திரைக்கும் புதியவர் எழுதும் முதல் மாத்திரைக்கும் நடுவே ஒரு நாள்கூட இடைவெளி விழக்கூடாது, இருவரும் ஒரே சமயத்தில் எழுதுவதும் கூடாது, இவ்வளவும் இருவருக்கும் தெரிந்தே நடக்கவேண்டும். நான் இந்தக் கடிதத்தில் சொல்லப்போவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

அந்த அக்ரிமெண்ட் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். நியூ ஜெர்சியில் 2017-இல் வந்த சட்டப்படி, நீடித்த வலிக்காக ஓபியாய்டு எனப்படும் இந்த வகை மாத்திரையை மூன்றாவது தடவை எழுதும்போது டாக்டர் நோயாளியோடு இப்படி ஓர் ஒப்பந்தம் போட்டே ஆகவேண்டும். அதாவது உங்கள்மேல் சந்தேகப்பட்டு வாங்கிய கையெழுத்து இல்லை, எல்லோரிடமும் வாங்குகிறார்கள், நானும் என் நோயாளிகளிடம் வாங்குகிறேன். ஆனால் பல கிளினிக்குகளில் அதை எழுதியிருக்கும் விதம் எனக்குப் பிடிப்பதே இல்லை, ஜாமீனில் வந்தவரிடம் போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்குவதுபோல இருக்கிறது. மருந்தின் ஆபத்து என்ன, எதற்காகச் சாப்பிடுகிறோம், எப்போது நிறுத்துவோம் என்று டாக்டரும் நோயாளியும் சேர்ந்து பேசி எழுதவேண்டிய காகிதம் அது. வரவேற்பறையில் பத்துப் படிவங்களோடு ஒன்றாக நீட்டிக் கையெழுத்து வாங்கினால் யாருக்கும் பயம்தான் வரும்.

அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பொறுமையாகப் படியுங்கள். "வேறு டாக்டரைப் பார்க்கக்கூடாது" என்று இருக்கிறதா, "வேறு டாக்டரிடம் இந்த மாத்திரையை வாங்கக்கூடாது" என்று இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும். ஆலோசனைக்காக இன்னொருவரைப் போய்ப் பார்ப்பது எந்த மீறலும் ஆகாது. அங்கே போய் அன்றைக்கே ஒரு சீட்டு எழுதி வாங்கி, பழைய சீட்டு கையில் இருக்கும்போதே அதையும் ஃபார்மசியில் கொடுத்தால் அதுதான் மீறல். அதை மறைத்துச் செய்தால் சட்டப்படியே குற்றம், டாக்டர் ஷாப்பிங் என்று இங்கே சொல்வது அதைத்தான். புது டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள்: "எனக்கு இன்னொருவர் மருந்து எழுதிக்கொண்டிருக்கிறார், அக்ரிமெண்ட் இருக்கிறது, அங்கிருந்து மாறிவர நினைக்கிறேன், இன்றைக்குச் சீட்டு வேண்டாம்." இந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளைக் கேட்டதும் எதிரில் இருக்கும் டாக்டரின் தோள்கள் தளர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் நான். ஒரு புது நோயாளி ஏற்கெனவே ஆக்ஸிகோடோன் சாப்பிடுகிறார் என்று தெரிந்தால், அவர் அறைக்குள் வருவதற்கு முன்பே நான் மாநிலத்தின் மருந்துக் கண்காணிப்புப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பேன், புதிதாக எழுதுகிறேன் என்றால் பார்த்தே ஆகவேண்டும் என்பது இங்கே விதி. எந்தத் தேதியில், எந்த டாக்டர், எத்தனை மாத்திரை, எந்த ஃபார்மசி என்று எல்லாம் அதில் இருக்கும். நியூயார்க், பென்சில்வேனியா போன்ற பக்கத்து மாநிலங்களில் வாங்கியதையும் பார்க்க முடியும். இன்சூரன்ஸ் வேண்டாம், ரொக்கம் கொடுத்து வாங்கினால் தெரியாது என்று நம் ஆட்கள் சிலர் நினைக்கிறார்கள், அது தவறு, ஃபார்மசி கொடுத்த இந்த வகை மாத்திரை எல்லாமே பதிவாகும். இந்தப் பதிவேடு உங்களுக்கு எதிரி இல்லை. மூன்று வருடம் ஒரே கிளினிக், ஒரே ஃபார்மசி, மாதம் 120 மாத்திரை, ஒரு தடவைகூட முன்கூட்டி வாங்கியதில்லை என்று அதில் இருந்தால், நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே அது உங்களுக்காகப் பேசிவிடும். மூன்று டாக்டர், ஐந்து ஃபார்மசி என்று இருந்தால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

சரி, இப்போது மாறும் வேலை. முதலில் செய்யவேண்டியது ரெகார்ட்ஸை வாங்குவது. இதை இப்போதைய டாக்டரிடம் எதுவும் சொல்வதற்கு முன்பே செய்யலாம், காரணமும் சொல்லவேண்டாம், அது உங்கள் உரிமை. எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள் தரவேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. நிறையக் கிளினிக்குகளில் அவர்களுடைய இணையப் பக்கமான போர்ட்டலிலேயே டாக்டர் எழுதிய குறிப்புகள் வரை பார்த்துவிடலாம். கடைசி ஒரு வருடத்துக் குறிப்புகள், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், இரண்டு ஆபரேஷன்களின் குறிப்பு, யூரின் டெஸ்ட் முடிவுகள், பிசியோதெரபிக்குப் போனதற்கான பதிவு, இதற்கு முன்னால் என்னென்ன மருந்து போட்டுப் பலிக்கவில்லை என்பது, இவ்வளவும் வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "எல்லாம் பார்த்தாச்சு டாக்டர், ஒன்றும் கேட்கவில்லை" என்று சொன்னால் எனக்கு எதுவும் புரியாது. நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின் எத்தனை மில்லிகிராம் வரை போனீர்கள், தூக்கம் தூக்கமாக வந்ததா, முதுகில் போட்ட ஊசி எத்தனை வாரம் தாங்கியது, இப்படி ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு வருகிற நோயாளி என்னுடைய பாதி வேலையை முடித்துவிடுகிறார்.

வாங்கியதை நீங்களும் படியுங்கள். இப்போதைய டாக்டர் எழுதியதில் "ஒத்துழைப்பதில்லை" என்றோ "மருந்து கேட்டு வற்புறுத்தினார்" என்றோ இருந்தால், அது உண்மையில்லை என்றால், திருத்தச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். மறுத்தால் உங்கள் மறுப்பை அந்தப் பதிவோடு சேர்த்து வைக்கச் சொல்லவும் உரிமை இருக்கிறது. ஒரு தடவை எழுதப்பட்ட வாக்கியம் கிளினிக் கிளினிக்காகப் பின்னாலேயே வரும், அதனால்தான் சொல்கிறேன்.

அடுத்து, எங்கே போவது. இங்கேதான் மனம் உடைந்துபோகும், அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நிறைய இடங்களில் "இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களைப் புதிதாக எடுப்பதில்லை" என்று ஃபோனிலேயே சொல்லிவிடுவார்கள். மிச்சிகனில் ஆராய்ச்சியாளர்கள் நோயாளிபோல் 194 கிளினிக்குகளுக்கு ஃபோன் செய்து கேட்டார்கள், பத்துக்கு நாலு இடங்களில் முடியாது என்றார்கள், அந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அவர்கள் யாரும் உங்கள் ஃபைலைப் பார்த்துவிட்டு மறுக்கவில்லை, உங்களை மறுப்பதும் அப்படியே. அதனால் அப்பாயிண்ட்மெண்ட் வாங்கும்போதே நேராகக் கேளுங்கள்: "ஏற்கெனவே ஓபியாய்டு மருந்தில் இருக்கிறவர்களை எடுப்பீர்களா, மருந்து எழுதுவீர்களா, அல்லது ஊசி மட்டும்தானா?" பெயின் கிளினிக் என்று போர்டு இருந்தாலும் ஊசியும் சிறு சிகிச்சைகளும் மட்டும் செய்கிற இடங்கள் நிறைய உண்டு. இரண்டு மாதம் காத்திருந்து போய் உட்கார்ந்த பிறகு அது தெரியவந்தால் யாருக்குத்தான் தாங்கும்? முதல் விசிட்டிலேயே மருந்து எழுதுவதில்லை என்பதும் பல இடங்களில் விதி, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் நாள் கணக்கு அதை வைத்துத்தான்.

நாள் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஆக்ஸிகோடோனுக்கு ரீஃபில் என்பதே கிடையாது. நாம் பேச்சுவழக்கில் ரீஃபில் என்கிறோம், உண்மையில் ஒவ்வொரு தடவையும் அது புதுச் சீட்டு. பிரஷர் மாத்திரைக்கு டாக்டரை மாற்றினால் பழைய சீட்டில் இன்னும் மூன்று ரீஃபில் மிச்சம் இருக்கும், அதை வைத்து ஓட்டலாம். இதில் அப்படி ஓட்ட எதுவும் இல்லை. கடைசி மாத்திரை தீர்ந்த அன்று இரவே தொடங்கிவிடும்: கொட்டாவி, வியர்வை, மூக்கில் தண்ணீர், புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, கால் ஓரிடத்தில் நிற்காது, தூக்கம் சுத்தமாக வராது, அதற்குமேல் பழைய வலி இரண்டு மடங்காகத் திரும்பும். ஒரு வாரத்தில் உடம்பு ஓரளவு அடங்கும், ஆனால் அடங்கிய பிறகுதான் பெரிய ஆபத்து. பத்து நாள் மருந்து இல்லாமல் இருந்த உடம்பு பழைய டோஸைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும், அப்போது எங்கிருந்தாவது கிடைத்த மாத்திரையை முன்பு போட்ட அதே அளவில் போட்டால் மூச்சு நின்றுபோகலாம். தெருவில் கிடைக்கும் மாத்திரைகள் பலவற்றில், மிகச் சிறிய அளவிலேயே உயிரைப் பறிக்கும் ஃபென்டனில் கலந்திருக்கிறது, அதைப் பற்றி யோசிக்கக்கூட வேண்டாம்.

அதனால் ஒரு காலண்டரை எடுத்து, கையில் இருக்கும் மாத்திரை எந்தத் தேதியோடு முடிகிறது என்று குறியுங்கள். புது இடத்தின் முதல் விசிட், அவர்கள் எழுதத் தொடங்கும் நாள் இரண்டையும் அதில் போடுங்கள். நடுவில் விழும் நாட்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பழைய கிளினிக்கே அதுவரை எழுதுவது. இன்னொன்று, உங்கள் பிரைமரி கேர் டாக்டர், அதாவது வழக்கமாகப் பார்க்கும் பொது டாக்டர், ஒரு மாதமோ இரண்டு மாதமோ பாலம்போல எழுதித் தருவது. இவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பத்து வருடமாக உங்களுக்குச் சளி காய்ச்சல் பார்த்தவர் என்றால், உங்களைத் தெரிந்தவர் என்றால், பெயின் டாக்டர் எழுதிய சுருக்கக் குறிப்பு ஒன்று கையில் இருந்தால் அவர் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். அப்படி எழுதினால் அந்த மாதங்களுக்கு அவர்தான் அந்த ஒருவர், அதை மற்ற இரண்டு இடங்களுக்கும் தெரிவித்துவிடவேண்டும்.

மாத்திரையைக் குறைத்துச் சாப்பிட்டு மிச்சம் பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம், நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். வேண்டாம். திடீரென்று எண்ணிக் காட்டச் சொன்னால் 40 இருக்கவேண்டிய இடத்தில் 70 இருக்கும். விற்பதற்குச் சேர்க்கிறீர்களா என்று ஒருவர் நினைப்பார், இவருக்கு இவ்வளவு தேவையே இல்லை என்று இன்னொருவர் நினைத்துக் குறைப்பார்.

பழைய கிளினிக்கிடம் எப்போது சொல்வது என்ற கேள்வியும் உங்களுக்கு வரும். புது இடத்தில் தேதி உறுதியான பிறகு, மாறுவதற்கு முன். கோபத்தில் எழுதவேண்டாம். "நான் வேறு டாக்டரிடம் மாறுகிறேன், இந்தத் தேதியில் முதல் விசிட், அதுவரை இப்போதைய அளவிலேயே தொடர்ந்து எழுதித் தாருங்கள், ரெகார்ட்ஸை அங்கே அனுப்புங்கள்" என்று போர்ட்டலில் நாலு வரி போதும். எழுத்தில் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு. ஒரு டாக்டர் தன் நோயாளியை விடுவிப்பதாக இருந்தாலும் அறிவிப்புக் கொடுத்து, பொதுவாக 30 நாளாவது, வேறு இடம் பார்க்க நேரம் தரவேண்டும் என்பது நடைமுறை. ஒரு நாளில் கதவைச் சாத்துவது நோயாளியைக் கைவிடுவது, மருத்துவக் கழகத்தில் புகார் செய்யக்கூடிய விஷயம் அது.

இனி அந்தப் "பாதியாகக் குறைக்கிறேன்" என்பதற்கு வருகிறேன், எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகம் மனம் வலித்த இடம் அது. நீங்கள் ஒரு நாளைக்குச் சாப்பிடும் 40 மில்லிகிராம் ஆக்ஸிகோடோன், இந்த மருந்துகளின் பலத்தை ஒப்பிடப் பயன்படுத்தும் மார்ஃபின் கணக்கில் 60 மில்லிகிராம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2016-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது, 50-க்கு மேல் போகும்போது கவனம் வேண்டும், 90-ஐத் தொடுவதைத் தவிர்க்கப் பாருங்கள் என்றது. புதிதாகத் தொடங்குகிறவர்களை மனத்தில் வைத்துச் சொன்ன ஆலோசனை அது. அதை இன்சூரன்ஸ்காரர்களும் ஃபார்மசிகளும் பல டாக்டர்களும் சட்டம்போல எடுத்துக்கொண்டு, வருடக்கணக்காக ஒரே அளவில் நிதானமாக இருந்தவர்களை ஒரே அடியாகக் குறைத்தார்கள். அதனால் வலி பொறுக்காமல் சிலர் தெரு மருந்துக்குப் போனார்கள், சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். 2019 ஏப்ரலில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. திடீரென நிறுத்துவதும் வேகமாகக் குறைப்பதும் ஆபத்து என்று எச்சரித்தது. வழிகாட்டியை எழுதியவர்களே, அது தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று அதே மாதம் எழுதினார்கள். 2022-இல் வந்த திருத்திய வழிகாட்டி இன்னும் தெளிவு: ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிடுகிறவருக்குக் குறைப்பதென்றால் மாதத்துக்குப் பத்து சதவீதமோ அதைவிட மெதுவாகவோ குறைப்பதுதான் உடம்பு தாங்கும், அதையும் நோயாளியோடு பேசி முடிவு செய்யவேண்டும். உயிருக்கு ஆபத்து என்கிற அறிகுறி எதுவும் இல்லாதபோது ஒரே மாதத்தில் பாதியாக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

இதைப் பழைய கிளினிக்கில் சண்டையாக எடுத்துச் செல்லாதீர்கள். "குறைப்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் மூன்று வருடமாகச் சாப்பிடுகிறேன், சி.டி.சி. சொன்னதுபோல மாதத்துக்குப் பத்து சதவீதம் என்று போகலாமா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் அவருக்கும் மறுக்கக் கஷ்டம். ஒருவேளை இதிலேயே அவர் உங்களை நிமிர்ந்து பார்த்து, மாறவேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம், அப்படியும் நடந்து நான் பார்த்திருக்கிறேன்.

கூடவே கொஞ்சம் கசப்பான ஒன்றும் சொல்லவேண்டும். அதே அளவைக் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டே இருக்கும் டாக்டரைத் தேடாதீர்கள். நல்ல டாக்டர் கேட்பார்: இந்த மாத்திரையால் உங்களால் என்ன செய்ய முடிகிறது? காய்கறி நறுக்க, கடைக்குப் போக, ஒரு மணிநேரம் உட்கார முடிகிறதா, அல்லது வெறுமனே அடுத்த மாத்திரை வரை தாக்குப்பிடிக்கிறீர்களா? மூன்று வருடத்தில் மருந்தே வலியைக் கூர்மையாக்கியிருக்கவும் கூடும். புப்ரெனார்ஃபின் என்று ஒரு மருந்து இருக்கிறது, வாரம் ஒரு முறை ஒட்டும் பட்டையாகவும் கன்னத்தின் உட்புறம் ஒட்டும் ஃபிலிமாகவும் வலிக்குத் தருகிறார்கள், மூச்சை அடக்கும் ஆபத்து குறைவு, ரீஃபிலும் எழுதலாம். புது டாக்டர் அதைப் பற்றிப் பேசினால் "என்னை அடிக்ட் என்று நினைக்கிறார்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நிலையில் என்னிடம் வருகிறவர்களிடம் நானே அதைப் பற்றிப் பேசுகிறேன்.

ட்ரமடால் விஷயம். நீங்கள் இதை எனக்கு எழுதியது நல்ல காரியம், இதே நேர்மை அங்கேயும் வேண்டும். முதலில் உடம்பைப் பற்றி: துலாக்செட்டின் சாப்பிடுகிறவர் ட்ரமடால் போட்டால் இரண்டும் சேர்ந்து செரோட்டோனின் என்ற மூளை ரசாயனத்தை அளவுக்குமேல் ஏற்றிவிடும், கைகால் நடுக்கம், படபடப்பு, காய்ச்சல், வலிப்பு வரை போகலாம். அதன்மேல் ஆக்ஸிகோடோனும் இருந்தது. அன்று ராத்திரி ஒன்றும் ஆகாமல் தப்பித்தீர்கள், இனி ஒரு மாத்திரைகூட வேண்டாம். ஊரிலிருந்து வருகிறவர்கள் பையில் கொண்டுவரும் கோடீன் கலந்த இருமல் டானிக்கும் இதே கணக்குத்தான், அக்ரிமெண்ட்டில் இருக்கிறவர் அதைத் தொடக்கூடாது. இந்தியாவில் வாங்கிய மாத்திரை இங்கே பதிவேட்டில் வராது, ஆனால் லேப் விரிவாகப் பார்த்தால் யூரினில் தெரியும்.

சொல்வதா வேண்டாமா? சொல்லுங்கள். இப்போதைய டாக்டரிடம், அடுத்த டெஸ்டுக்கு முன்பே, நீங்களாக: "போன மாதம் இன்ன தேதி ராத்திரி வலி தாங்காமல் உறவினரின் ட்ரமடால் இரண்டு மாத்திரை போட்டேன், தவறு, இனிச் செய்யமாட்டேன்." இதை அவர் மீறலாகக் குறித்துக்கொள்ளலாம், அதை வைத்துக் கடுமையாக நடந்துகொள்ளவும் கூடும், அந்த ஆபத்து இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் தானாக வந்து சொன்ன நோயாளியையும் டெஸ்டில் பிடிபட்டு முழித்த நோயாளியையும் எந்த டாக்டரும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. என் வேலையின் முதல் வருடத்தில், சொந்தமாக ஒப்புக்கொண்ட ஒரு வயதானவரை நான் வேலை பார்த்த இடத்தில் அன்றைக்கே வெளியேற்றினார்கள், நான் புதியவள், எதிர்த்துப் பேசவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது. அப்படியும் நடக்கும் என்பதால்தான், புது இடத்துத் தேதியும் பிரைமரி கேர் டாக்டரின் சம்மதமும் கையில் இருக்கும்போது சொல்லுங்கள் என்கிறேன், அடுத்த டெஸ்ட் அதற்கு முன்னால் வந்தால் காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். புது டாக்டரிடமும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

யூரின் டெஸ்ட் என்றதும் நம் சமையலறைக்கே உரிய ஒன்று நினைவுக்கு வருகிறது: கசகசா. குருமாவுக்குத் தேங்காயோடு அரைத்துவிடுகிறோமே, அதில் உண்மையிலேயே மார்ஃபினும் கோடீனும் சிறிதளவு ஒட்டியிருக்கும். 2023-இல் அமெரிக்க ராணுவம் தன் ஆட்களுக்குக் கசகசாவைத் தவிர்க்கும்படி எச்சரிக்கையே அனுப்பியது. ஆக்ஸிகோடோன் சாப்பிடுகிறவர் யூரினில் ஆக்ஸிகோடோனும், அது உடைந்து வரும் ஆக்ஸிமார்ஃபோனும் இருப்பது இயல்பு, ஆனால் மார்ஃபின் வந்தால் கேள்வி வரும். மாறுகிற இந்த மாதங்களிலாவது குருமாவுக்கு முந்திரி போதும். தெரியாமல் விருந்தில் சாப்பிட்டுவிட்டால், டெஸ்ட் எடுக்கும்போதே சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாமியார் சொன்னதைப் பற்றி. அபினிலிருந்து வந்த குடும்பம்தான் இந்த மருந்து, அதை மறுக்கமுடியாது. ஆனால் நிறுத்தினால் உடம்பு உதறுவது வேறு, மருந்துக்கு அடிமையாவது வேறு. மூன்று வருடம் சாப்பிட்டால் யார் உடம்பும் பழகிவிடும். அடிமைத்தனம் என்றால் கேடு கண்முன்னே தெரிந்தும் விடமுடியாமல் தேடி ஓடுவது, எண்ணிக்கை மீறுவது, பொய் சொல்லி வாங்குவது. வலிக்காக இல்லாமல் மனக்கஷ்டத்துக்காக மாத்திரை போடத் தோன்றுகிறதா என்று மட்டும் உங்களையே கேட்டுப் பாருங்கள், ஆமாம் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. மாத்திரைப் பாட்டிலைப் பூட்டி வையுங்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம்.

வீட்டில் நலோக்சோன் மூக்கு ஸ்ப்ரே ஒன்று இருக்கட்டும். மூச்சு நிற்கப்போகும் நேரத்தில் மருந்தின் பிடியை விடுவிக்கும், 2023 மார்ச்சில் சீட்டு இல்லாமலே விற்க அனுமதி கிடைத்தது, இப்போது அப்படியே வாங்கலாம். நியூ ஜெர்சியில் இந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள ஃபார்மசிகளில் 14 வயதுக்கு மேற்பட்ட யாரும் பெயர்கூடச் சொல்லாமல் இலவசமாக வாங்கலாம். உங்கள் கணவருக்கும் மாமியாருக்கும் எப்படி அடிப்பது என்று காட்டிவிடுங்கள். அடித்தவுடன் 911-ஐக் கூப்பிடவேண்டும் என்பதையும்.

எல்லாம் செய்தும் நடுவில் மாத்திரை அறுந்துபோனால், பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டில் படுக்காதீர்கள். பிரைமரி கேர் டாக்டரை அன்றைக்கே கூப்பிடுங்கள், முடியாவிட்டால் எமர்ஜென்சிக்குப் போய் "மருந்து நின்றுவிட்டது, உடம்பு உதறுகிறது" என்று அப்படியே சொல்லுங்கள். அவர்கள் ஆக்ஸிகோடோன் எழுதமாட்டார்கள், ஆனால் உதறலை அடக்கும் மருந்து தர முடியும்.

முதல் விசிட்டுக்கு ஒரிஜினல் பாட்டில்களோடு போங்கள், மாத்திரையை டப்பாவில் மாற்றி எடுத்துப் போகவேண்டாம். முடிந்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களை "வலி பத்துக்கு எத்தனை" என்று கேட்பார்கள், நீங்களும் ஏதோ ஓர் எண் சொல்வீர்கள். ராத்திரி எத்தனை தடவை எழுந்து ஹாலில் நடக்கிறீர்கள் என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்